ஒரே பெயரில் ஒன்பது மாத அரியர்

மதியச் சாப்பாட்டு பெல் அடித்ததும் செல்லத்தாய் போனை எடுத்துப் பார்த்தாள். ஜனவரிச் சம்பளம் ஏறியதாக பேங்கில் இருந்து மெசேஜ் வந்திருந்தது. ஒரு லட்சத்துப் பதினேழாயிரத்துச் சொச்சம். அவ்வளவு பெரிய தொகை அந்த அக்கவுண்டுக்கு இதுவரை வந்ததில்லை. அப்படியும் அது குறைவான தொகை என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

அவளைச் சுற்றி அவளுடைய செட் உட்கார்ந்திருந்தது. செட் என்றால் ஆறு பேர். ஓவர்லாக் தையல் மிஷின் ஓட்டும் செல்லத்தாய், பேட்லாக் மிஷின் ஓட்டும் ரோஸ்மேரி, சிங்கர் மிஷினில் முனீஸ், பிசிறு வெட்டி மடிக்கும் கண்ணம்மாள், ஒடிசாவில் இருந்து வந்த அண்ணன் தம்பி இரண்டு பேர். லிங்கசாமியின் பனியன் கம்பெனியில் இதுபோல ஐந்து செட்டுகள் இருந்தன. ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று முதலாளி செட் தலையிடம் ரேட் பேசுவார். கம்பெனி ரோலில், அதாவது சம்பளப் பதிவேட்டில், செட் தலையின் பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயருக்கு மாதம் பதினாலாயிரம் பேங்கில் ஏறும். மற்றது எல்லாம் சனிக்கிழமை கவரில் வரும். செல்லத்தாய் அதைக் கட்டிங் டேபிள் மேல் வைத்துப் பிரிப்பாள். மற்றவர்களுக்கு பி.எஃப். பிடித்தம் இல்லை, ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இல்லை. பிடிக்காவிட்டால் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம். எல்லோருக்கும் இது வசதியாகத்தான் இருந்தது. ரோஸ்மேரி சேர்ந்தபோது, "பேர் போடவாத்தா?" என்று செல்லத்தாய் கேட்டிருக்கிறாள். கையில் வரும் காசு குறையும் என்று ரோஸ்மேரிதான் வேண்டாம் என்றாள்.

டிசம்பரில் முதலாளிமார் சங்கமும் தொழிற்சங்கங்களும் கூலி உயர்வு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஏப்ரலில் இருந்தே உயர்வு உண்டு என்று அதில் இருந்தது. ஆளுக்கு ஒன்பது மாத அரியர், இருபத்திரண்டாயிரத்து ஐநூறு. லிங்கசாமியிடம் துணி வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி, அரியரை பேங்க் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், வந்து பார்ப்போம் என்று சொல்லிவிட்டது. கவரில் கொடுக்க முடியாது. பேங்கில் போட ரோலில் இருந்தது செட்டுக்கு ஒரே பெயர்.

"எம்புட்டுக்கா?" என்று முனீஸ் எட்டிப் பார்த்தான். பரமக்குடிப் பையன், வாய் அதிகம்.

"ஒண்ணு பதினேழு."

"ஆறு பேரு அரியரு ஒண்ணு முப்பத்தஞ்சு. ஒங்க சம்பளம் தனி. மிச்சம் எங்க?"

செல்லத்தாய் சம்பளச் சீட்டை விரித்தாள். காலையில் ஆபீஸில் இருந்து கொடுத்தது. பி.எஃப். பதினேழாயிரத்து எண்ணூற்று எண்பது. ஈ.எஸ்.ஐ. ஆயிரத்து நூற்றுச் சொச்சம். அதற்குக் கீழே, இதுவரை அவள் சீட்டில் ஒரு தடவைகூட வராத வரி. வருமான வரி, பன்னிரண்டாயிரத்து முந்நூற்று ஐம்பத்தெட்டு.

முனீஸ் வாய்விட்டுப் படித்தான். பிறகு எழுந்து நின்று கும்பிட்டான்.

"எல்லாரும் எந்திரிங்கப்பா. அக்கா இன்கம்டாக்ஸ் கட்டுறாக. நாளைக்கு காதர்பேட்டையில நாலு பனியன் கடை வாங்கிப் போட்டாலும் போடுவாக."

ஒடிசாப் பையன்கள் ஒன்றும் புரியாமல் சிரித்தார்கள். கண்ணம்மாள் சிரிக்கவில்லை. "இதுல என் பங்கு எம்புட்டு போச்சு, அதச் சொல்லு," என்றாள்.

ரோஸ்மேரி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருந்தாள். அவளுக்கு ஆறாவது மாதம். மே மாதம் பிரசவத் தேதி. கட்டடத்தில் கம்பி கட்டும் அவள் புருஷன் சகாயராஜ் கால் முறிந்து இரண்டு மாதமாக வீட்டில் கிடந்தான். பிள்ளை பெற்ற பிறகு ஆறு மாதம் எப்படி ஓட்டுவது என்பதுதான் அவளுக்கு ராவும் பகலும் யோசனை. பக்கத்துக் கம்பெனியில் ஒருத்திக்கு ஈ.எஸ்.ஐ.யில் இருந்து இருபத்தாறு வாரச் சம்பளம் வந்ததாகக் கேள்விப்பட்டதில் இருந்து செல்லத்தாயை நச்சரித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, இப்பம் எம்பேரப் போடச் சொன்னா எனக்கும் தருவாங்களா? கேட்டுச் சொல்லுதீங்களா?"

"வா, இன்னைக்கே கேட்போம்," என்று செல்லத்தாய் சீட்டை மடித்து இடுப்பில் செருகினாள்.

*

ஆபீஸில் கணக்குப் பார்ப்பது கலைமகள். மடத்துக்குளத்துப் பெண், பி.காம். படித்தவள். சீட்டைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இது எங்க தப்புதானுங்கக்கா. முதலாளி பையன் ரித்தீஷ் சார் இந்த மாசந்தான் புது சாப்ட்வேர் போட்டாரு. பழைய மாசத்துக் கணக்கு எதுவும் அதுல ஏத்தல. அதுக்குத் தெரிஞ்சது இந்த ஒரு மாசந்தானுங்க. உங்க பேருக்கு ஒரு லட்சத்து நாப்பத்தொம்பதாயிரம் போட்டேன். மாசாமாசம் இதே சம்பளம்னு நெனச்சுப் பன்னெண்டால பெருக்கிக்கிச்சு."

"பெருக்கினா எம்புட்டு?"

"பதினேழே முக்கால் லட்சத்துக்கு மேல."

செல்லத்தாய் சிரித்துவிட்டாள். "அந்த மிஷின் நல்லாயிருக்கட்டும்த்தா. எனக்கு யாரும் அப்படி வாழ்த்தினதில்ல."

"அரியரு பழைய மாசத்துக்கு உண்டானதா இருந்தாலும், கைக்கு வர்ற வருசத்துச் சம்பளத்துல சேரும்ங்க. அத வருசத்துல ஒரு தடவதான் கூட்டோணும். அப்படிக் கூட்டுனா ஆறு பேரு காசும் உங்க பேருல இருந்தாக்கூட மூணு லட்சத்துச் சொச்சந்தான். வரியே கெடையாது. இன்னும் கட்டல, திருப்பிப் போட்டுருவேன். அதவிடுங்க. பி.எஃப். தான் சங்கடம்."

"அதென்ன சங்கடம்?"

"மத்த அஞ்சு பேரு காசுல புடிச்சதும் உங்க பி.எஃப்.ல போயிரும். பதினஞ்சாம் தேதி கட்டோணும். கட்டிட்டா அது உங்க காசுங்க. அவங்க கேக்கவும் முடியாது, நீங்க எடுத்துக் கொடுக்கவும் முடியாது."

ரோஸ்மேரி கதவோரம் நின்றிருந்தாள். செல்லத்தாய் அவளை முன்னால் இழுத்தாள். "இவளுக்கு இப்ப பேர் போட்டா பிரசவத்துக்குக் காசு வருமா?"

கலைமகள் விரல்விட்டு எண்ணினாள். "மே மாசம்னா, போன ஏப்ரல்ல இருந்து வர்ற மார்ச் வரைக்கும் பாப்பாங்க. அதுல எழுபது நாளுக்காவது ஈ.எஸ்.ஐ. கட்டியிருக்கோணும். இன்னைக்குப் பேர் போட்டா மார்ச் முடியறதுக்குள்ள அம்பது நாளு தேறாதுங்களே."

ரோஸ்மேரி தலையை ஆட்டிக்கொண்டு திரும்பினாள். செல்லத்தாய் அவள் கையை விடவில்லை.

"இரு. ஏத்தா கலைமகளு, இந்த அரியரு எதுக்கு? ஏப்ரல்ல இருந்து இவ வேலை பாத்ததுக்குத்தான? அப்ப ஏப்ரல்ல இருந்து இவ இங்கதான இருந்திருக்கா? அந்த மாசத்துக்கெல்லாம் இவ பேர்ல கட்ட முடியாதா?"

"கட்டலாமுங்க." கலைமகள் குரலைத் தாழ்த்தினாள். "ஒன்பது மாசத்து முழுச் சம்பளத்துக்கும் கட்டோணும். வட்டி, அபராதம் எல்லாம் வரும். போன மாசங்களுக்கு உங்க பங்கையும் கம்பெனிதான் போடோணும், உங்ககிட்ட புடிக்கக் கூடாது. ஒருத்தருக்குப் போட்டா ஆறு பேருக்கும் போட்டாகோணும். சார் ஒத்துக்க மாட்டாருங்க."

*

லிங்கசாமி ஒரு காலத்தில் பவர் டேபிள் தையல் மிஷினில் உட்கார்ந்து தைத்தவர். விரல் நகத்தில் ஊசி ஏறிய தழும்பு இன்னும் இருந்தது. செல்லத்தாய் உள்ளே வந்ததும் நாற்காலியைக் காட்டினார்.

"உக்காருங்கம்மணி. கலை சொல்லுச்சு. கம்ப்யூட்டர் பண்ணுன கூத்து. நாளைக்குச் சனிக்கிழமை கவர்ல முப்பதாயிரம் சேத்து வெச்சர்றேன். உங்க செட்டுல யாருக்கும் ஒரு ரூவா கொறையாது. சரிங்களா?"

"பி.எஃப்.ங்க?"

"அது உங்க பேருல கெடந்துட்டுப் போகட்டும். உங்களுக்கு லாபந்தானுங்க." அவர் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார். "ஒரே ஒரு ஒதவி. வர்ற புதன்கிழமை அந்த வெளிநாட்டுக் கம்பெனி ஆடிட் வருது. பெங்களூர்ல இருந்து ஒரு அம்மா வர்றாங்க. மத்த செட்டுகளுக்கு அரியர் அடுத்த மாசந்தான். இப்போதைக்கு அரியர் லிஸ்டுல உங்க பேருல மட்டும் பெரிய தொகை இருக்கறதால உங்களத்தான் மொதல்ல கூப்புடுவாங்க. எல்லாம் எம்பட அரியர்தானுங்கன்னு சொல்லிப்போடுங்க. பதினஞ்சு வருசமா ஓவர்டைம் பாத்ததுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

ஆடிட்டில் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பது புதிதில்லை. முந்தின வருடம்கூட, எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை இல்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அப்போது நாக்கு கூசவில்லை. யாருடைய காசையும் தன்னுடையது என்று சொல்லச் சொல்லவில்லை.

"செட்டுல கேட்டுச் சொல்றேங்க," என்றாள்.

*

சனிக்கிழமை கவர் வந்தது. முப்பதாயிரம் உள்ளே இருந்தது. செல்லத்தாய் அந்தப் பணத்தைப் பிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மண்ணரையில் தன் வீட்டுக்கு எல்லோரையும் வரச் சொன்னாள். ஒரு ரூமும் அடுப்படியும் உள்ள லைன் வீடு. ஆறு பேர் உட்கார்ந்ததும் கதவைச் சாத்த முடியவில்லை. அவள் புருஷன் மொக்கைச்சாமி வெளியே படியில் உட்கார்ந்து பீடி பிடித்தான்.

விஷயத்தைச் சொல்லி முடித்தாள். முனீஸ் கவரைப் பார்த்தபடியே கேட்டான்.

"காசு வந்துருச்சுல்ல. பிரிங்க. இதுல பேச என்ன இருக்கு?"

"பேர் போடணும்னு கேட்கப் போறேன். ஆறு பேருக்கும். ஏப்ரல்ல இருந்து."

"எனக்கு வேணாம். முன்னாடி ரெண்டு கம்பெனியில பி.எஃப். புடிச்சாய்ங்க. இன்னவரைக்கும் ஒத்த ரூவா எடுக்க முடியல. மாசம் ரெண்டாயிரம் புடிச்சா நான் வண்டி டியூ எப்புடிக் கட்டுறது? நீங்க கட்டுவீகளா?"

"நான் கட்ட மாட்டேன்."

"பெறகு? அவளுக்குப் பிள்ள பொறக்கப் போகுதுன்னா எங்க எல்லாரு கையிலயும் வெட்டுவீகளா? பேர் போடவான்னு கேட்டப்ப அவதான வேணாம்னா?"

ரோஸ்மேரிக்கு முகம் கறுத்துவிட்டது. "விடுங்கக்கா. அவன் சொல்லுததும் சரிதான். எனக்காவ யாரும் நஷ்டப்பட வேண்டாம். எங்கம்மை வீட்டுல போயி இருந்துக்கிடுதேன்."

"ஒங்கம்மை வீட்டுல எத்தனை பேரு?"

"ஏழு பேரு."

"நீ போனா எட்டு. பிள்ளையோட ஒம்பது. ஒம்புருசனோட பத்து. கஞ்சிக்கு அரிசி ஒங்கம்மை கொண்டாந்து கொட்டுவாளா? வாய மூடிக்கிட்டு இரு."

கண்ணம்மாள் அதுவரை சுவரில் சாய்ந்திருந்தாள். "எனக்கு அம்பத்தொண்ணு ஆச்சு," என்றாள் மெதுவாக. "பதினெட்டு வருசமா பிசிறு வெட்டுறேன். எந்தக் கம்பெனியிலயும் எம்பேரு இல்ல. நான் செத்தா, இவ எங்க வேலை பாத்தான்னு கேட்டா யாருக்கும் தெரியாது. போடச் சொல்லு."

ஒடிசாப் பையன்களில் பெரியவன், "ஹாஸ்பிடல் ஃப்ரீ?" என்று கேட்டான். ஆமாம் என்றதும் தம்பியிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

"நீ?" என்று செல்லத்தாய் முனீஸைக் கேட்டாள்.

"எம்பங்கக் கொடுங்க."

அவனுக்குச் சேர வேண்டிய இருபத்திரண்டாயிரத்து ஐநூறையும் எண்ணிக் கொடுத்தாள். பிடித்தம் எதுவும் இல்லாமல், அந்தக் கவரில் இருந்தே. அவன் எண்ணாமல் வாங்கி பாக்கெட்டில் வைத்தான். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, "ஒங்களுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுக்கா. புதன்கிழமை ஆர்டர் கைவிட்டுப் போச்சுன்னா இந்த நாலு பேரும் ஒங்க வீட்டு முன்னாடி வந்து நிப்பாங்க, பாருங்க," என்றான். திங்கட்கிழமை அவன் வேலைக்கு வரவில்லை. வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள்.

அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆர்டர் போனால் ஐந்து செட்டுக்கும் சோறு இல்லை. ஞாயிறு முழுக்க செல்லத்தாய் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

*

திங்கட்கிழமை காலை மிஷினில் உட்காராமல் நேரே ஆபீஸுக்குப் போனாள். மீதி ஏழாயிரத்து ஐநூறு ரூபாய் இருந்த கவரை லிங்கசாமியின் மேஜை மேல் வைத்தாள்.

"முனீஸ் பங்கு கொடுத்தாச்சுங்க. என் அக்கவுண்டுல இருக்கிற காசுல அத நேர் பண்ணிக்கிறேன். இது மிச்சம். எங்களுக்கு இப்படி வேணாம். அவங்கவங்க பேர்ல போடுங்க, ஏப்ரல்ல இருந்து."

லிங்கசாமி கவரைத் தொடவில்லை. "ஏனுங்கம்மணி, யாராவது சங்கத்துக்காரங்க சொல்லிக்கொடுத்தாங்களா?"

"யாரும் சொல்லல."

"புதன்கிழமை ஆடிட்ட வெச்சுக்கிட்டு என்னைய மெரட்டறீங்களா?"

"மெரட்டணும்னா புதன்கிழமை அந்தம்மாகிட்ட சொல்லியிருப்பேங்க. ஆர்டர் போனா எங்களுக்கும் வேலை போகும். அதுனாலதான் இன்னைக்கே ஒங்ககிட்ட சொல்றேன். புதன்கிழமை அந்தம்மா கேட்டா, என் அரியரு இருபத்திரண்டாயிரத்து ஐநூறுன்னுதான் சொல்லுவேன். ஒண்ணு முப்பத்தஞ்சுன்னு சொல்ல மாட்டேன். அதுக்குள்ள சீட்டு அப்படி இருந்தா ஒங்களுக்கும் நல்லது."

"உங்க செட்டுக்குப் போட்டா மத்த நாலு செட்டும் வந்து நிப்பாங்கல்ல? எத்தன பேருக்கு எத்தன மாசத்துக்கு நான் கட்டறது? இந்த ரேட்டுல எனக்கு என்னங்க நிக்குது? நூல் விலை தெரியுமுங்களா உங்களுக்கு?"

"தெரியாதுங்க."

"பின்ன?"

"நூல் விலை ஏறினப்ப எங்க ரேட்டக் கூட்டலைங்க. இப்ப அதச் சொன்னா நான் என்ன சொல்ல?"

லிங்கசாமி நாற்காலியில் சாய்ந்தார். கலைமகள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்து தலையை உயர்த்தாமலேயே பேசினாள்.

"சார், ஒரு பொம்பளைக்கு ஒரே மாசத்துல ஒண்ணு முப்பத்தஞ்சு அரியர்னா அந்த ஆடிட்டர் நம்பறதுக்கு வாய்ப்பில்லீங்க. யார் என்ன சொன்னாலும் நோண்டுவாங்க. மறைச்சது மாட்டுனாத்தான் ஆர்டர் போகும். தப்ப நாமளே திருத்தி, பணம் கட்டுன ரசீதக் காட்டுனா ஒரு குறிப்பு எழுதிட்டுப் போயிருவாங்க. போன வருசம் அவிநாசி ரோட்டுக் கம்பெனியில அப்படித்தான் ஆச்சுங்க."

"நீ யாரு பக்கங் கண்ணு?"

"கணக்குப் பக்கந்தானுங்க சார்."

லைனில் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. செல்லத்தாயின் மிஷின் மட்டும் நின்றிருந்தது. லிங்கசாமி கடைசியில் கவரை எடுத்து டிராயரில் போட்டார்.

"உங்க செட்டுக்குப் போடறேன். மத்தது சிப்மெண்ட் போனதுக்கு அப்பறம் பாத்துக்கலாம். ஆனா இனிமே செட்டு, கிட்டு எல்லாம் கெடையாது. அவங்கவங்க ரேட்டு அவங்கவங்களுக்கு. உங்களுக்குச் செட் தலைக்குன்னு வாரம் ஐநூறு கொடுத்துட்டு இருந்தனே, அதும் கெடையாது. சரிங்களா?"

மாதம் இரண்டாயிரம். மொக்கைச்சாமியின் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாடகையில் பாதியும் அதில்தான் ஓடியது. "சரிங்க," என்று சொல்லிவிட்டு அவள் மிஷினுக்குப் போனாள்.

கலைமகள் இரண்டு நாள் வீட்டுக்குப் போகும்போது இருட்டிவிட்டது. ஆதார் அட்டைகளை வாங்கினாள், போட்டோ எடுத்தாள், பழைய சனிக்கிழமைக் கணக்குகளை மாதவாரியாகப் பிரித்தாள். முனீஸுக்கும் சேர்த்து ஆறு சீட்டு அடித்தாள். செல்லத்தாய் அக்கவுண்டில் கூடுதலாக விழுந்ததைத் திருப்பி வாங்கி அவரவர் அக்கவுண்டில் போட்டாள். ஒரு சீட்டிலும் வருமான வரி இல்லை. ஆடிட்டர் அம்மா வந்தாள், சீட்டுகளையும் பணம் கட்டிய ரசீதுகளையும் பார்த்தாள், ஏன் இவ்வளவு தாமதம் என்று லிங்கசாமியைக் கேட்டு எழுதிக்கொண்டாள். செல்லத்தாயிடம் அரியர் எவ்வளவு என்று கேட்டாள். செல்லத்தாய் சொன்னாள். ஆர்டர் போகவில்லை.

அடுத்த மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக மீதியைப் பார்த்துவிட்டு கண்ணம்மாள் ஒரு நாள் முழுக்க செல்லத்தாயைத் திட்டினாள். மற்ற செட்டுக்காரர்கள் அவளைப் பார்த்தால் பேச்சை நிறுத்தினார்கள். தங்களுக்கு ஏன் கேட்கவில்லை என்று சிலருக்குக் கோபம். தங்களுக்கும் பி.எஃப். பிடிக்க வைத்துவிடுவாளோ என்று சிலருக்குப் பயம்.

*

மார்ச் கடைசியில் ஈ.எஸ்.ஐ. ஆபீஸில் இருந்து பிரசவப் பணம் விஷயமாக ரோஸ்மேரியை வரச் சொன்னார்கள். செல்லத்தாய் அரை ஷிப்ட் லீவு போட்டுவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனாள். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிதானமானவர். கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ரோஸ்மேரியின் வயிற்றைப் பார்த்தார்.

"ஏப்ரல்ல இருந்து ஜனவரி வரைக்கும் பத்து மாசத்துக்கு ஒரே நாள்ல கட்டியிருக்காங்க. பிரசவத்துக்கு மூணு மாசம் இருக்கறப்ப. இந்த மாதிரி நெறைய வருதுங்க. வேலையே பார்க்காத பொண்ணுக்குப் பேர் போட்டுப் பணம் வாங்குறாங்க. நான் எப்படி நம்பறது?"

ரோஸ்மேரி செல்லத்தாயைப் பார்த்தாள். செல்லத்தாய் முழங்கையால் அவளை ஒரு இடி இடித்தாள்.

"வேலை பாத்தேன் சார்," என்றாள் ரோஸ்மேரி. "பேட்லாக்கு. ஏப்ரல்ல பச்சக் கலரு டீசர்ட்டு ஓடுச்சு, கழுத்துல வெள்ளைப் பட்டி. ஆகஸ்டுல பிள்ளைங்க பைஜாமா. அதுல எலாஸ்டிக் வலிச்சு வலிச்சு கையெல்லாம் பேந்துட்டு. அக்டோபர்ல இருந்து வாந்தி. வாளியப் பக்கத்துல வச்சுக்கிட்டுத் தச்சேன்."

"அதெல்லாம் சொல்லலாம்மா. நான் கம்பெனிக்கு நேர்ல வந்து விசாரிப்பேன். சொல்லாமத்தான் வருவேன். வேலை பார்க்கலைன்னு தெரிஞ்சா கேஸ் ஆகும், தெரியுமில்ல?"

"வாங்க சார்," என்றாள் ரோஸ்மேரி. "மூணாவது லைன்ல இருப்பேன். ஏப்ரல் கடைசி வரைக்கும் வேலைக்கு வருவேன்."

அவர் ஒரு தாளில் கம்பெனி விலாசத்தை எழுதிக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். மதிய ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு வேகமாக நடந்தார்கள்.